பத்தாவது பெயர்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. காலையில் முதலில் கண்ணில் பட்டது சத்துணவு அறையின் ஜன்னல். ஜன்னல் இருந்த இடம் என்று எழுதுவதுதான் சரி. மே மாதம் யானை வந்து கம்பியோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே மிச்சமிருந்த அரை மூட்டை அரிசியைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பருப்பைத் தொடவில்லை. "நம்ம பருப்போட லட்சணம் ஆனைக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு டீச்சரம்மா" என்றாள் சமையல் பேச்சியம்மா. சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வகுப்பறையில் ஒன்று ஒழுகுகிறது. உதவி ஆசிரியை போன வருடம் மாற்றுப் பணி என்று கீழ் டிவிஷன் பள்ளிக்குப் போனவள், திரும்பவில்லை. தலைமை ஆசிரியை என்று என் பெயர் பலகையில் இருக்கிறது. தலைமை வகிக்க இங்கே வேறு ஆசிரியர் கிடையாது. ஐந்து வகுப்பும் ஒரே அறையில், நான் ஒருத்தி.

தவளைப்பாறை எஸ்டேட் மேல் டிவிஷனில் போன் வேலை செய்யும் இடம் ஒன்றே ஒன்று. பள்ளிக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே இருக்கிற பாறை. சிக்னல் பாறை என்றே பெயராகிவிட்டது. தினமும் காலையில் அதில் ஏறி நின்றுதான் பிள்ளைகளின் வருகையைப் போனில் ஏற்ற வேண்டும். நாலாம் வகுப்பு ஜீவிதா குடை பிடிப்பாள். இந்த வருடமும் அவள்தான் லீடர். எட்டிக் குடை பிடித்துப் பிடித்தே பிள்ளை உயரமாகிவிட்டது.

இன்று பாறையில் இருக்கும்போது வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு. "ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி கணக்குல பிள்ளைங்க பத்துக்குக் கீழ போனா கீழ் டிவிஷன் ஸ்கூலோட சேர்த்துடுவாங்க டீச்சர். என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் அலுவலர்.

இருப்பது பத்து. சரியாகப் பத்து.

கீழ் டிவிஷனுக்குப் போகும் வழி சோலைக்காட்டை ஒட்டியது. வாரத்தில் இரண்டு நாளாவது யானை நிற்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் எப்படி நடக்கும்? ஜீப் விடுவோம் என்பார்கள். அந்த ஜீப்பை நான் வேறு இரண்டு எஸ்டேட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் ஓடும்.

என்னைப் பற்றிக் கவலை இல்லை. பள்ளி மூடினால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். உடுமலையில் தங்கை வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. தண்ணீர் மோட்டாரும் அதே அறையில்தான் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மழை. காலில் அட்டை. தடவச் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

ஜீவிதாவின் அப்பா காளிதாசும் அம்மா பரிமளாவும் வந்தார்கள். வேலை நேரத்தில் இருவரும் சேர்ந்து வருகிறார்கள் என்றாலே பெரும்பாலும் ஊரை விட்டுப் போகிற சேதிதான். கல்யாணப் பத்திரிகையாக இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"திருப்பூர் போறோம் டீச்சர். பனியன் கம்பெனில ரெண்டு பேருக்கும் வேலை சொல்லியிருக்காங்க. இங்க இன்னும் எத்தன நாளைக்குக் கொழுந்து பறிச்சுக்கிட்டு, அட்டைக்கு ரத்தத்தக் குடுத்துக்கிட்டு இருக்கிறது" என்றான் காளிதாஸ்.

"பாப்பாவுக்கு டி.சி. வேணும் டீச்சர். ரூம்புக்குப் பக்கத்துலயே கவர்மென்ட்டு ஸ்கூலு. இங்க கம்ப்யூட்டர்ல பேர விட்டாத்தான் அங்க சேத்துக்குவோம்னு சொல்றாங்க" என்றாள் பரிமளா. இடுப்பில் மூன்று வயது நித்தின், என் மேசை மணியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இப்போதெல்லாம் டி.சி. என்பது தாளில் மட்டும் இல்லை. என் போனில் பிள்ளையின் பெயருக்கு நேராக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி நான் விடுவித்தால்தான் அடுத்த பள்ளி அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள முடியும். விடுவிக்காதவரை பிள்ளை எங்கே இருந்தாலும் என் பள்ளிப் பிள்ளைதான்.

"ஆகட்டும். நெட் கிடைக்கட்டும், போட்டுடறேன்" என்றேன்.

நெட் கிடைக்காமல் எதையும் செய்ய முடியாது. அது உண்மைதான்.

ஜூன் 19, புதன்

சிக்னல் சுமார். வருகைப் பதிவு மட்டும் போயிற்று. மற்ற வேலை எதுவும் ஆகவில்லை.

பாறையில் இருக்கும்போதே தங்கை வீடியோவில் வந்தாள். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது. வெகு நேரம் பேசிவிட்டோம். ஜீவிதா கை மாற்றி மாற்றிக் குடை பிடித்தாள். பாவம், கை வலித்திருக்கும்.

ஜூன் 24, திங்கள்

காளிதாஸ் மறுபடி வந்தான். சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். சர்வர் அடிக்கடி வேலை செய்வதில்லை, மாவட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"வியாழக்கிழம வேலைக்கு நிக்கணும் டீச்சர். பெரியவள அங்க கூட்டிட்டுப் போயி ஸ்கூலும் இல்லாம பூட்டின ரூம்புக்குள்ள எப்படி விடுறது? சின்னவனக் கம்பெனிக் காப்பகத்துல சேத்துக்குவாங்க. இவள சேத்துக்க மாட்டாங்க."

பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவனே சொன்னான். "எங்கக்கா வீட்ல விட்டுட்டுப் போறோம். ஒரு வாரம்தானே? நீங்க விட்டதும் ஒரு போன் போடுங்க, வந்து கூட்டிக்கிறேன்."

"பொன்னுத்தாயி நல்லாப் பாத்துக்குவா. நானும் இருக்கேன்ல" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனான். நல்ல மனிதன். இந்த எஸ்டேட்டில் மரியாதை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

பிள்ளை இங்கே இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. நாலாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டு, ஐம்பது பிள்ளைகள் அடைந்த வகுப்பில் போய் உட்கார்ந்து என்ன படித்துவிடும்? இங்கே என் கண் எதிரே இருக்கும்.

ஜூன் 26, புதன்

காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். ஜீவிதா பள்ளிக்கு நேரத்துக்கு வந்தாள். மணியை அவளே அடித்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்தாள். போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

எஸ்டேட் மேனேஜரைப் பார்த்துக் கெஞ்சி நாலு தகரம் வாங்கி வந்தேன். கூரையில் இரண்டு, சத்துணவு ஜன்னலுக்கு இரண்டு. யானைக்குத் தகரம் அப்பளம்தான். இருந்தாலும் மனதுக்கு ஒரு தைரியம்.

மதியம் முட்டை. ஜீவிதா முட்டையைத் தின்னாமல் பாவாடையில் சுற்றி வைத்துக்கொள்வதைப் பேச்சியம்மா பார்த்துவிட்டாள். தம்பிக்கு எடுத்துப் போகிற பழக்கம். "தம்பிதான் ஊருல இல்லியே கண்ணு, நீயே தின்னு" என்றிருக்கிறாள். பிள்ளை முட்டையை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். கடைசியில் ஒன்றாம் வகுப்புப் பையனுக்குக் கொடுத்துவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

பொன்னுத்தாயிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஜீவிதா காலையிலிருந்து என் குவார்ட்டர்ஸில். தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். எனக்குப் பின்னல் நன்றாக வரும் என்பதே மறந்து போயிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் இருந்தவரை அது பெரிதாகத் தெரிந்ததும் இல்லை.

சப்பாத்தி செய்தேன். வட்டமாக வரவில்லை என்று கேலி செய்தாள். "கேரளா மேப்பு மாதிரி இருக்கு டீச்சர்." சமூக அறிவியல் நான் சொல்லிக்கொடுத்தது, எனக்கே திருப்பி விடுகிறாள். சிரித்துவிட்டேன்.

தங்கை பேசினால் சொல்ல வேண்டும், அவள் கூப்பிடுகிறபடி இந்த வருட முடிவில் உடுமலைக்கு வந்துவிட முடியாது என்று.

ஜூலை 11, வியாழன்

பாறையில் நிற்கும்போது பரிமளா அழைத்தாள். பின்னால் தையல் மிஷின்களின் சத்தம், பாதி கேட்கவில்லை.

"டீச்சர், இன்னைக்கும் ஸ்கூல்ல போய்க் கேட்டேன். பேரு இன்னும் வரலங்கிறாங்க. கோவிச்சுக்காதீங்க டீச்சர், தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க."

"சர்வர் பிரச்சனம்மா. மேல சொல்லியிருக்கேன்."

"பாப்பாகிட்டக் குடுங்க டீச்சர்."

கொடுத்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். ம், ம் என்றாள். அந்தப் பக்கம் பரிமளா அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. இந்தப் பக்கம் அழுகை இல்லை. "சரி, வக்கிறேன்" என்று பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள்.

மேலே சொல்லவில்லைதான். சொன்னாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜூலை 15, திங்கள்

கல்வி வளர்ச்சி நாள். பெற்றோர் வந்தது மூன்று பேர். மற்றவர்கள் எல்லாரும் தேயிலையில். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஓர் அம்மா கைக்குழந்தையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், எல்லாவற்றுக்கும் கை தட்டினாள். நான் பேசிய தலைமையுரைக்கு விழுந்த ஒரே கைத்தட்டல் அவளுடையது.

ஜீவிதா பேச்சுப் போட்டியில் முதலில் வந்தாள். எதிரில் ஒருத்தி. ஜெயித்ததைச் சொல்ல அத்தையைத் தேடினாள். பொன்னுத்தாயி வரவில்லை.

எல்லாரும் போன பிறகு பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், எங்கம்மா என்ன மட்டும் ஏன் விட்டுட்டுப் போச்சு?"

"உனக்கு ஸ்கூல் மாத்தணும்ல. அது முடியட்டும்."

"இல்ல டீச்சர். தம்பி ஆம்பளப் பையன். அதான் அவனக் கூட்டிட்டுப் போச்சு. அத்தை சொன்னாங்க."

பொன்னுத்தாயிக்கு வாயில் வந்ததைச் சொல்கிற பழக்கம் எப்போதும் உண்டு. அப்படியெல்லாம் இல்லை என்று கண்டித்துச் சொன்னேன். வேறு என்ன காரணம் என்று பிள்ளை என் முகத்தையே பார்த்தது. பெஞ்சைப் பிடி, அந்தப் பக்கம் தூக்கு என்றேன்.

இன்று மனம் சரியில்லை.

ஜூலை 19, வெள்ளி

பாறையில் பரிமளாவின் அழைப்பு. ஜீவிதா போனை வாங்க மறுத்துவிட்டாள். "நான் பேசல டீச்சர்" என்று குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கை காலியாக இல்லையாம்.

"தூங்குறா" என்று பரிமளாவிடம் சொன்னேன். காலை ஒன்பதரை மணிக்கு.

ஜூலை 22, திங்கள்

அலுவலர் மறுபடி அழைத்தார். தேதியை நினைவூட்டினார். நினைவூட்ட வேண்டிய அவசியம் இல்லை.

கீழ் டிவிஷன் வழியில் நேற்று யானை ஒரு பைக்கை மிதித்துவிட்டது. ஓட்டியவன் தப்பி ஓடிவிட்டான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடுமா? இதையெல்லாம் யாரிடம் சொல்வது? காளிதாசிடம் சொன்னால் அவன் புரிந்துகொள்வான் என்றுகூட ஒரு யோசனை வந்தது. சொல்லவில்லை. சொல்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

எதிர்பாராத விஷயம். கல்வி வளர்ச்சி நாளில் கை தட்டிய அம்மா, தன் மூத்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இத்தனை நாள் ஊரில் பாட்டனோடு இருந்த பெண், போன வாரம்தான் ரயிலேறி வந்திருக்கிறது. பூல்மணி என்று பெயர். ஆறு வயது. பிள்ளைகள் அதற்குள் பூமணி ஆக்கிவிட்டார்கள். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் தட்டைக் கொடுத்ததும் வரிசையில் போய் நின்றுவிட்டது. பேச்சியம்மா இரண்டாவது கரண்டி சாதம் போட்டதும் ஒரு சிரிப்பு சிரித்தது பாருங்கள்!

உடனே சேர்த்துக்கொண்டேன். ஜீவிதாதான் அதன் கையைப் பிடித்து அ எழுதப் பழக்கினாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு மனம் லேசாக இருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

பாறையில் முதலில் பூல்மணியின் பெயரை ஏற்றினேன். பிறகு ஜீவிதாவின் பெயருக்கு நேரே இருந்த பொத்தானை அழுத்தினேன். உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

குடை சாய்ந்து என் தோள் முழுக்க நனைந்துவிட்டது. "ஏய், எங்க பாக்கிற" என்றேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்தே காளிதாசுக்குச் சொன்னேன். சனிக்கிழமை வருகிறானாம். "ரொம்ப அலஞ்சிருப்பீங்க டீச்சர்" என்றான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பெயர் பெயராகக் கூப்பிட்டுத் தலை எண்ணிக்கொண்டு போனார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து 'உள்ளேன் ஐயா' சொன்னார்கள். பூல்மணியும் சொன்னது. நேற்று முழுக்க ஜீவிதா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

நாலாம் வகுப்பு வந்ததும் ஜீவிதா பாதி எழுந்துவிட்டாள். பழக்கம். வந்தவர் அவளுக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எழுந்தவள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாவாடையைச் சரி செய்வதுபோலச் செய்துகொண்டு உட்கார்ந்தாள். முன்னமே அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றாமல் போயிற்று.

பத்து. பள்ளி தப்பியது. பேச்சியம்மா சேமியா பாயசம் வைத்தாள். எல்லாரும் இரண்டு டம்ளர் குடித்தார்கள். ஜீவிதா வேண்டாம் என்றுவிட்டாள், பல் வலியாம்.

நான் செய்தது இந்தப் பத்துப் பிள்ளைகளுக்காக. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

நித்தினைத் திருப்பூரில் பக்கத்து ரூமில் விட்டுவிட்டு, காளிதாசும் பரிமளாவும் காலை பஸ்ஸில் வந்தார்கள். பரிமளா பாதியாகியிருக்கிறாள். பொன்னுத்தாயி வீட்டில் பிள்ளை இல்லை என்றதும் நேராகப் பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறாள். விடுமுறை நாளில் ஜீவிதா வகுப்பறைக்குள் உட்கார்ந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா" என்று வாசலிலேயே கையை நீட்டினாள் பரிமளா. பிள்ளை திரும்பவே இல்லை. துடைத்த பலகையையே மறுபடி மறுபடி துடைத்தது. பரிமளா கட்டிப்பிடித்தபோது கட்டை மாதிரி நின்றது. புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தாள், போட்டுவிட்டாள். காலை நீட்டியதோடு சரி.

"எம்மேல கோவம் டீச்சர் அவளுக்கு. நான் வேணும்னா விட்டுட்டுப் போனேன்? நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் வேணும்னா விட்டுட்டுப் போனேன்?"

நான்தான் சொல்ல வேண்டியது. அந்த இடத்தில் சொல்ல ஒரே ஆள் நான்தான். காளிதாஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பின்னாலேயே வந்த பொன்னுத்தாயி நின்றாள், பிள்ளையும் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பியது.

"சர்வர் கோளாறுதாம்மா" என்றேன். "உங்கம்மா மேல தப்பு ஒண்ணும் இல்ல கண்ணு."

பரிமளா சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். "பெத்தவளாட்டம் பாத்துக்கிட்டீங்க டீச்சர். இந்தக் கடன எப்படி அடைப்பேன்." நான் விலகியிருக்கலாம். விலகவில்லை.

டி.சி.யை எடுக்க உள்ளே வந்தேன். ஜீவிதா பின்னாலேயே வந்தாள். மூலையில் இருந்த குடையை எடுத்து, விரித்து, உதறி, மடித்து, ஆணியில் மாட்டினாள். எப்போதும் செய்வது.

"டீச்சர்."

"என்ன கண்ணு."

"உங்க தங்கச்சி வீடியோல வந்தாங்கள்ல, அன்னைக்கும் போன்ல சிக்னல் நாலு கோடு இருந்துச்சு டீச்சர். எல்லா நாளும் இருந்துச்சு. நான் பாத்தேன்."

டி.சி.யை எடுத்து இரண்டாக மடித்தேன்.

"அம்மாகிட்ட நான் சொல்லல" என்றாள். "அம்மாதான் என்ன விட்டுட்டுப் போச்சு, நீங்க விட மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன். பூமணி வந்ததும் விட்டுட்டீங்க."

அழவில்லை. குற்றம் சாட்டுகிற குரலும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல், நான் பழக்கியது, ஒரு வார்த்தை தடுக்காமல். சொல்லி முடித்துவிட்டு டி.சி.க்காகக் கையை நீட்டினாள். கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்க என்னிடம் இல்லை.

பதினொன்றரை பஸ். ஜன்னல் ஓரம் பரிமளா, நடுவில் ஜீவிதா, அந்தப் பக்கம் காளிதாஸ். பரிமளா மட்டும் வளைவு திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மழை. பாறைக்குத் தனியாகப் போனேன். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வருகையைப் பதிவு செய்தேன். போன் நனைந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பத்துப் பேருக்குப் பத்துப் பேர்.

நாலு கோடும் இருந்தது.